ஆற்று மணலுக்குள் தண்ணீர் இறங்குகிறதா, ஊறி வருகிறதா? வெப்பத்தை வைத்து அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப்பத்தை வைத்துத் தண்ணீரின் போக்கை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

ஆற்றில் ஓடும் தண்ணீர் பகலில் சூடாகிறது, இரவில் குளிர்கிறது. நிலத்தடி நீர் அப்படியில்லை. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் அது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும். இந்த இரண்டு தண்ணீரும் சந்திக்கிற இடம்தான் ஆற்றுப்படுகை.

ஆற்று நீர் மணலுக்குள் இறங்கினால், பகலின் சூட்டையும் இரவின் குளிர்ச்சியையும் கீழே இழுத்துக்கொண்டு போகும். நிலத்தடி நீர் மேலே ஊறி வந்தால், அந்த ஏற்ற இறக்கத்தைக் கீழே வரவிடாமல் தடுக்கும். ஆகவே படுகைக்குள் இரண்டு மூன்று ஆழங்களில் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்தால், தண்ணீர் எந்தத் திசையில் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை சென்டிமீட்டர் போகிறது என்று கணக்கிட்டுவிடலாம். இதில் வெப்பம் ஒரு தடங்காட்டியாக, அதாவது தண்ணீர் போகும் வழியைக் காட்டும் அடையாளமாக, வேலை செய்கிறது.

இதை அளந்து என்ன பயன்?

ஆறும் அதன் கரையில் உள்ள கிணறும் பெரும்பாலான இடங்களில் ஒரே தண்ணீரைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் கணக்கு எழுதும்போது ஆற்று நீரை ஒரு பக்கம், நிலத்தடி நீரை இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் கைமாறுகிறது என்று தெரியாமல் எந்தப் பக்கக் கணக்கும் சரியாக வராது. அணையிலிருந்து திறந்த நீரில் எவ்வளவு கடைமடைக்கு முன்பே மணலுக்குள் போகிறது, தடுப்பணை கட்டினால் உண்மையிலேயே நிலத்தடி நீர் ஊறுகிறதா, தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி வழியாக ஆற்றுக்குள் எங்கே நுழைகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் படுகையில் அளந்தால்தான் பதில் கிடைக்கும். ஊகத்தை வைத்துக்கொண்டு இவற்றில் முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அதுவும் அளக்கும் கருவி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் காலத்தில்.

சாயம், உப்பு போன்ற தடங்காட்டிகள் இருக்கும்போது வெப்பம் எதற்கு?

சாயமோ உப்போ நாம்தான் கொண்டுபோய்க் கலக்க வேண்டும். அது தீர்ந்ததும் அளவீடும் முடிந்துவிடும். வெப்பத்தைச் சூரியன் தினமும் இலவசமாகப் போடுகிறது. மாதக்கணக்கில், வெள்ளக் காலத்திலும் கோடையிலும் நிறுத்தாமல் அளக்கலாம். ஆற்றில் வேற்றுப்பொருள் கலக்க அனுமதி வாங்கும் வேலையும் இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வழக்கமான முறையில், படுகையின் அடியில் நீர்மட்ட வேறுபாட்டை அளந்து, அதை மணலின் நீர் கடத்தும் திறனால் பெருக்குவார்கள். சிக்கல் அந்தத் திறனில்தான் இருக்கிறது. சரளைக்கும் களிமண்ணுக்கும் நடுவே அது கோடி மடங்குக்கும் மேல் மாறும். ஒரே ஆற்றில் நாலு அடி தள்ளி அளந்தாலே பத்து மடங்கு வேறுபடலாம். வெப்பம் கடத்தும் திறன் அப்படி மாறுவதில்லை. நீர் நிறைந்த மணலானாலும் வண்டலானாலும் மீட்டருக்கு, டிகிரிக்கு 1 முதல் 2.5 வாட் என்ற எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் நிற்கும். அதனால் மண்ணைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாவிட்டாலும் விடை பெரிதாகத் தவறிப்போகாது.

படுகைக்குள் வெப்பம் எப்படி நகர்கிறது?

இரண்டு வழிகளில். ஒன்று கடத்தல்: தண்ணீர் அசையாமல் நின்றாலும் மணல் துகளிலிருந்து துகளுக்கு வெப்பம் பரவும். இன்னொன்று, ஓடும் தண்ணீர் தன்னோடு தூக்கிச் செல்லும் வெப்பம். இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடக்கும். முதல் பங்கைக் கழித்துவிட்டு இரண்டாவதைப் பிரித்தெடுப்பதுதான் கணக்கின் வேலை.

தண்ணீர் அசையவே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். மேலே ஒரு நாளில் ஏற்படும் சூட்டின் ஏற்ற இறக்கம், நீர் நிறைந்த மணலில் சுமார் 14 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் 37 சதவீதமாகக் குறைந்துவிடும். அடுத்த 14 சென்டிமீட்டரில் மறுபடியும் அதே விகிதத்தில் குறையும். அரை மீட்டர் ஆழத்தில் பகலும் இரவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். குறைவதோடு பிந்தவும் செய்யும். வெயிலில் காய்ந்த சுவரின் உள்பக்கம் பொழுது சாய்ந்த பிறகு சுடுவதைப் போல, 14 சென்டிமீட்டர் ஆழத்தில் உச்ச வெப்பம் ஏறத்தாழ 4 மணி நேரம் தாமதமாக வரும். ஆண்டுச் சுழற்சிக்கும் இதே விதிதான். சுழற்சி 365 மடங்கு நீளம் என்பதால் ஆழம் அதன் வர்க்கமூலமான 19 மடங்கு கூடும், அதாவது இரண்டரை மீட்டரைத் தாண்டும்.

இப்போது தண்ணீரை ஓடவிடுங்கள். கீழே இறங்கினால் ஏற்ற இறக்கம் இன்னும் ஆழம் வரை போகும். மேலே ஊறினால் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எல்லாம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

காட்டலாம். இது எந்த ஆற்றின் பதிவும் அல்ல. நீர் நிறைந்த மணலுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் எண்களை வைத்துப் போட்ட கணக்கு.

படுகையின் மேற்பரப்பில் ஒரு நாளில் 6 டிகிரி ஏறி இறங்குகிறது, அடுத்த வெப்பமானி அதற்கு 15 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று கொள்வோம். நீரோட்டமே இல்லையென்றால் கீழே உள்ளது சுமார் 2 டிகிரி ஏறி இறங்கும். ஒரு நாளைக்கு அரை மீட்டர் வீதம் தண்ணீர் கீழே இறங்கினால் அது 4.2 டிகிரி ஆகும். அதே அரை மீட்டர் மேலே ஊறி வந்தால் 0.65 டிகிரிதான். மேலே உள்ள ஏற்ற இறக்கத்தில் எத்தனை பங்கு கீழே எட்டியது என்ற இந்த விகிதம் ஒன்றே திசையையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஆடம்பரக் கருவி எதுவும் இல்லாமல் இவ்வளவு பெரிய வித்தியாசம் கண்ணுக்கு நேரே தெரிவதுதான் இந்த முறையில் என்னை ஈர்த்த விஷயம்.

மெதுவான ஓட்டத்தில் நிலைமை வேறு. ஒரு நாளைக்கு 2 சென்டிமீட்டர் மட்டும் இறங்கினால், ஓட்டமே இல்லாத நிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 0.1 டிகிரியைக்கூட எட்டாது. சாதாரண வெப்பமானியின் பிழைக்குள்ளேயே அது மறைந்துபோகும். ஆகவே நாளைக்குச் சில சென்டிமீட்டருக்குக் குறைவான ஓட்டத்தைத் தினசரி ஏற்ற இறக்கத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முயலாமல் இருப்பதே நல்லது.

உச்சம் பிந்தி வரும் நேரத்தை வைத்தும் கணக்கிடலாமே?

கணக்கிடலாம். ஆனால் அது திசையைச் சொல்லாது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஓட்டம் இல்லாதபோது தாமதம் 4.1 மணி நேரம். அரை மீட்டர் கீழே இறங்கினாலும் 3.4 மணி நேரம், மேலே ஊறினாலும் அதே 3.4 மணி நேரம். கணக்கில் வேகத்தின் வர்க்கம்தான் வருகிறது, கூட்டல் கழித்தல் குறி தொலைந்துவிடுகிறது. ஏற்ற இறக்க விகிதத்தை முதன்மையாக வைத்துக்கொண்டு, தாமதத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் மணலின் வெப்பப் பரவல் திறனையும் (வெப்பநிலை மாற்றம் அதில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற அளவையும்) அதே பதிவிலிருந்து கணக்கிட்டு எடுக்க முடியும். 2010க்குப் பிறகு வந்த ஆய்வுகள் இந்த வழியைத் தெளிவாக்கின.

வெப்பம் போகும் அதே வேகத்தில்தான் தண்ணீரும் போகிறதா?

இல்லை. தண்ணீர் துகள்களின் இடுக்கு வழியே மட்டும் போகிறது. வெப்பமோ போகும் வழியில் துகள்களையும் சூடாக்க வேண்டியிருக்கிறது. அதனால் சாதாரண மணலில் வெப்பத்தின் முன்விளிம்பு தண்ணீரின் உண்மையான வேகத்தில் பாதியளவில்தான் நகரும். மாசுப் பொருள் எப்போது வந்து சேரும் என்று கணிப்பவர்கள் இதை மறந்தால் விடை இரண்டு மடங்கு பிசகும்.

இந்த முறை எப்போது தொடங்கியது?

இதன் கணித அடித்தளத்தில் ஒரு பகுதி நெல் வயலிலிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியாது. 1960ல் ஜப்பானைச் சேர்ந்த சுசுகி, நெல் வயலில் தேங்கிய நீர் எவ்வளவு கீழே கசிகிறது என்பதை மண்ணின் வெப்பநிலையை வைத்து அளக்க ஒரு வழி சொன்னார். 1965ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் ஸ்டால்மன் அதைத் திருத்தி, மேற்பரப்பு வெப்பநிலை அலைபோல ஏறி இறங்கும்போது கீழே என்ன நடக்கும் என்பதற்கு முழுமையான சமன்பாட்டைத் தந்தார். அதே ஆண்டில் பிரெடஹோஃப்ட், பாபடோபுலோஸ் இருவரும், நாளுக்கு நாள் மாறாத ஆழ வெப்பநிலையிலிருந்து மேல்கீழ் ஓட்டத்தைக் கணிக்கும் வழியை வெளியிட்டார்கள்.

அப்புறம் வெகுகாலம் அதிகம் நடக்கவில்லை. சமன்பாடு இருந்தது, ஆனால் தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் விட்டுவைக்கக்கூடிய மலிவான பதிவுக் கருவி இல்லை. 1990களில் அது வந்தது. 1993ல் சில்லிமன், பூத் இருவரும் இண்டியானா மாநிலத்தின் ஜூடே ஓடையில், எந்தப் பகுதி நீரை இழக்கிறது, எந்தப் பகுதி பெறுகிறது என்பதை வெப்பநிலைப் பதிவைப் பார்த்தே பிரித்துக் காட்டினார்கள். 2006ல் கிறிஸ்டின் ஹேட்சும் கூட்டாளிகளும் கலிபோர்னியாவின் பஹாரோ ஆற்றை வைத்து, இரண்டு வெப்பமானிகளுக்கு நடுவே உள்ள விகிதத்தையும் தாமதத்தையும் கொண்டு ஒவ்வொரு நாளின் ஓட்டத்தையும் கணக்கிடும் முறையை வகுத்தார்கள். இரண்டு கருவிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிந்தால் போதும், படுகை எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்பது தெரிய வேண்டியதில்லை. மணல் அரித்தும் சேர்ந்தும் மாறிக்கொண்டே இருக்கும் ஆறுகளில் இது பெரிய நிம்மதி. இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது இந்த முறையையோ இதன் வழிவந்தவற்றையோதான்.

என்ன கருவி வேண்டும்? எப்படிப் புதைப்பது?

நினைவகத்தோடு வரும் சிறிய வெப்பநிலை லாகர்கள் போதும். சட்டைப் பொத்தான் அளவில் ஐபட்டன் என்று ஒன்று உண்டு. தண்ணீருக்கென்றே செய்த ஹோபோ வகைகள் இன்னும் நுட்பமாகப் பதியும். மதிப்பு எவ்வளவு துல்லியம் என்பதைவிட, எவ்வளவு சிறிய மாற்றத்தை அது உணரும் என்பதைப் பாருங்கள். அரை டிகிரிப் படியில் பதியும் மலிவுக் கருவி இந்த வேலைக்கு ஆகாது. 0.1 டிகிரியோ அதைவிட நுட்பமோ வேண்டும்.

ஆற்றுக்குப் போகும் முன் எல்லா லாகர்களையும் ஒரே வாளித் தண்ணீரில் போட்டு, தண்ணீரைக் கலக்கிவிட்டு, ஓர் இரவு பதியவிடுங்கள். ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு பின்னால் திருத்திக்கொள்ளலாம். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆற்றிலிருந்து எடுத்த பிறகும் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் கருவி நாளடைவில் விலகும்.

லாகர்களை ஒரு மெல்லிய பிவிசி குழாயிலோ மரக்கம்பிலோ அளந்த இடைவெளியில் பொருத்திப் படுகைக்குள் இறக்குவார்கள். குழாய் என்றால் உள்ளே தண்ணீர் மேலும் கீழும் சுழலக் கூடாது. ஒவ்வொரு லாகருக்கும் நடுவே நுரையோ பென்டோனைட் களிமண்ணோ வைத்து அடைக்க வேண்டும். உலோகக் குழாய் வேண்டாம், அது தானே வெப்பத்தைக் கீழே கடத்தும். மேல் லாகர் வெளியே துருத்திக்கொண்டு இருந்தால், தெளிந்த ஆழமில்லாத நீரில் வெயில் நேரடியாகப் பட்டுத் தவறான சூட்டைக் காட்டும். மணலுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் புதைந்திருப்பது நல்லது.

இடைவெளிதான் யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். நீர் ஊறி வரும் இடத்தில் 30 சென்டிமீட்டர் கீழே வைத்தால் அங்கே அளப்பதற்கு ஏற்ற இறக்கமே மிஞ்சியிருக்காது. ஐந்து, பத்து சென்டிமீட்டரில் வைக்க வேண்டும். நீர் வேகமாக இறங்கும் இடத்திலோ ஐந்து சென்டிமீட்டருக்குள் வித்தியாசம் தெரியாது, ஆழமாகப் போக வேண்டும். முன்கூட்டியே தெரியாதபோது 5, 10, 20, 40 என்று நாலு ஆழங்களில் வைத்துவிட்டால் எது நடந்தாலும் ஏதோ ஒரு ஜோடி வேலை செய்யும். பதிவு இடைவெளி 15 நிமிடம் போதும்.

குழாயின் தலை வெளியே தெரிந்தால் வெள்ளத்தில் குப்பை மாட்டி இழுத்துப் போகும், அல்லது யாராவது எடுத்துப்போவார்கள். மணலுக்குள் அமுக்கிவிட்டு, கரை மரத்திலிருந்தோ பாறையிலிருந்தோ தூரம் அளந்து எழுதி வைப்பது பாதுகாப்பு.

ஒரு குழியில் அளந்ததை வைத்து ஆறு முழுவதற்கும் சொல்ல முடியுமா?

முடியாது. ஒரு கம்பு காட்டுவது அந்த இடத்தின் ஓட்டத்தை மட்டும்தான். பத்தடி தள்ளி எதிர்த்திசையில் இருக்கலாம். பல இடங்களில் நட வேண்டும், அல்லது ஃபைபர் ஆப்டிக் கேபிளுக்குப் போக வேண்டும்.

அந்தக் கேபிள் முறை அழகானது. கேபிளைப் படுகை மேல் கிலோமீட்டர் கணக்கில் போட்டு, ஒரு முனையில் லேசர் துடிப்பை அனுப்புவார்கள். கண்ணாடி இழையில் பட்டுத் திரும்பிச் சிதறும் ஒளியில், அலைநீளம் மாறிய ஒரு சிறு பகுதி இருக்கும். அதன் பிரகாசம் அந்த இடத்தின் வெப்பநிலையைப் பொறுத்தது. திரும்பி வர எடுத்த நேரத்திலிருந்து அது எந்த இடம் என்று தெரியும். இழையில் ஒரு மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு வேண்டியது சுமார் 10 நானோ வினாடி. இப்படி மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலை கிடைக்கும். 2006ல் ஜான் செல்கரும் கூட்டாளிகளும் லக்சம்பர்க்கின் மைஸ்பிச் என்ற சிற்றோடையில் இதைச் செய்து, நிலத்தடி நீர் எந்தெந்த இடத்தில் ஓடைக்குள் நுழைகிறது என்பதைக் காட்டினார்கள். நுழையும் இடத்தில் வெப்பநிலை திடீரென்று ஒரு படி மாறும்.

அந்தப் படியின் உயரமே அளவையும் சொல்லும். மேலே ஓடை 16 டிகிரி, நிலத்தடி நீர் 10 டிகிரி, நுழைந்த பிறகு ஓடை 15 டிகிரி என்றால், இப்போது ஓடும் நீரில் ஆறில் ஒரு பங்கு நிலத்தடியிலிருந்து வந்தது. காலை, பிற்பகல் என்று ஓடையின் வெப்பநிலை வேறுபடும் இரண்டு நேரங்களில் எடுத்தால், நிலத்தடி நீரின் வெப்பநிலை முன்கூட்டித் தெரியாவிட்டாலும் கணக்கிட்டுவிடலாம். ஆனால் இது ஊறி வரும் நீரை மட்டும்தான் காட்டும். ஓடையிலிருந்து இறங்கிப் போகும் நீர் ஓடையின் வெப்பநிலையை மாற்றாது. அதற்கு மறுபடியும் புதைத்துத்தான் அளக்க வேண்டும்.

எப்போதாவது மட்டும் ஓடும் ஆற்றில் இது பயன்படுமா?

என் கருத்தில் இந்த முறை மிக அதிகமாக உதவுவது அங்கேதான். அமெரிக்காவின் தென்மேற்கில் ஆண்டில் சில நாட்கள் மட்டும் ஓடும் வறண்ட ஆறுகள் பல உண்டு. நியூ மெக்சிகோவின் அபோ அரோயோ அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட ஆற்றில் வழக்கமான நீரளவு நிலையம் வைத்தால் வெள்ளம் அடித்துப் போகும், மணல் மூடும். மணலுக்குள் புதைத்த வெப்பமானிக்கு அந்தக் கவலை இல்லை. காய்ந்த மணலின் மேற்பரப்பு பகலில் மிகக் கடுமையாகச் சூடேறும். தண்ணீர் வந்த கணத்தில் அந்த ஏற்ற இறக்கம் சட்டென்று சுருங்கும். அதைப் பார்த்தே ஓட்டம் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நின்றது என்று சொல்லலாம். பிறகு கீழ் ஆழங்களில் மாற்றம் எப்படி இறங்குகிறது என்பதிலிருந்து ஊடுருவிய அளவைக் கணக்கிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன எளிய சமன்பாடு, மணல் முழுவதும் நீர் நிறைந்திருக்கிறது என்ற அனுமானத்தில் போட்டது. நிலத்தடி நீர்மட்டம் ஆழத்தில் இருந்து நடுவே பாதி ஈரமான மணல் இருந்தால் கணினியில் படிப்படியாகக் கணக்கிடும் எண்ணியல் மாதிரிகளுக்குத்தான் போக வேண்டும்.

பிற்பகலில் ஆறு அதிகம் நீரை இழக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, அதற்குக் காரணமும் வெப்பம்தான். சூடான தண்ணீர் இளகி ஓடும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் தண்ணீரின் பாகுத்தன்மை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே மணல், அதே நீர்மட்டம் என்றாலும் கால் பங்கு கூடுதலாக உள்ளே இறங்கும். கொலராடோவின் செயின்ட் கெவின் கல்ச் ஓடையில் கான்ஸ்டன்ட்ஸ் குழுவினர் 1994ல் இதை வெளியிட்டார்கள். பிற்பகலில் ஓடையின் ஓட்டம் குறைவதற்கு ஆவியாதலும் செடிகளும்தான் காரணம் என்று நினைத்திருந்த இடத்தில், படுகை வழியே கூடுதலாக இறங்குவதும் பெரிய காரணம் என்று தெரிந்தது.

மாசு தேடுவதற்கு இது உதவியிருக்கிறதா?

உதவியிருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆங்கஸ் என்ற ஊரில், உலர்சலவைக் கடை ஒன்றிலிருந்து கசிந்த கரைப்பான் நிலத்தடி வழியே பைன் ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றுக்குள் அது எங்கே வெளிப்படுகிறது என்பது கேள்வி. ப்ரூவர் கோனன்ட் படுகையில் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் கட்டம் கட்டமாக வெப்பநிலை எடுத்தார். கோடையில் குளிர்ந்தும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருந்த இடங்களில் நிலத்தடி நீர் மேலே வந்துகொண்டிருந்தது. 2004ல் வெளியான அந்த ஆய்வு, நீர் வெளியேறுவது படுகை முழுவதும் சமமாக நடப்பதில்லை, சில இடங்களில் குவிந்து வருகிறது என்பதைக் காட்டியது. எங்கே மாதிரி எடுப்பது என்று குருட்டாம்போக்கில் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழ்நாட்டு ஆறுகளில் இது எடுபடுமா?

எடுபடும், ஆனால் எல்லா வடிவமும் அல்ல. கோனன்ட் செய்தது போன்ற வரைபடம் போட, ஆற்று நீருக்கும் நிலத்தடி நீருக்கும் நல்ல வெப்பநிலை வேறுபாடு வேண்டும். கனடாவில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் அது தானாகவே கிடைக்கிறது. நம் சமவெளியில் நிலத்தடி நீரே 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது, ஆற்று நீரின் சராசரியும் அதைவிட்டு அதிகம் விலகுவதில்லை. ஆகவே ஒருமுறை போய் அளந்துவிட்டு வருவது பயன் தராது.

தினசரி ஏற்ற இறக்கம் நமக்குத் தாராளமாக இருக்கிறது. வைகையிலோ பாலாற்றிலோ முழங்கால் ஆழத்துக்கும் குறைவாக, நிழலே இல்லாத மணல் மேல் ஓடும் தண்ணீர் பகலில் எப்படிக் கொதிக்கும் என்பது அதில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். தொடர்பதிவு முறைக்கு இதைவிட நல்ல சூழல் கிடைக்காது. அணை திறந்து ஒரு வாரம் பத்து நாள் மட்டும் நீர் ஓடும் காலத்தில், நாலைந்து இடங்களில் கம்பு நட்டு வைத்தால், எந்தப் பகுதி மணல் எவ்வளவு நீரை உள்ளே விட்டது என்று நாள்வாரியாகத் தெரியும். படுகைக் கிணறுகளை நம்பிக் குடிநீர் எடுக்கும் பாலாற்றங்கரை ஊர்களுக்கு இது நேரடியாக வேண்டிய தகவல். மணல் அள்ளிய பகுதிக்கும் அள்ளாத பகுதிக்கும் ஊடுருவல் எப்படி மாறுகிறது என்பதையும் பக்கம் பக்கமாக வைத்து அளக்கலாம். வாதம் செய்வதைவிட அளந்து பார்ப்பதே மேல் என்று நான் நினைக்கும் விஷயங்களில் அது முதலாவது.

நெல் வயலில் தொடங்கிய முறை என்றீர்களே, நம் வயல்களில் கசிவை அளக்கலாமா?

நன்றாகச் சேற்றுழவு செய்த களிமண் வயலில் கசிவு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான். அதைத் தினசரி வெப்பநிலையில் பிடிப்பது கடினம். மணல் கலந்த, தண்ணீர் நிற்காத வயலில் முயன்று பார்க்கலாம்.

இந்த முறை எங்கே தவறாகக் காட்டும்?

தண்ணீர் நேர்க்குத்தாக இறங்குகிறது அல்லது ஏறுகிறது என்பது கணக்கின் அடிப்படை. மணல்திட்டின் அடியிலும் கரையோரத்திலும் தண்ணீர் சாய்வாகவும் பக்கவாட்டிலும் போகும். அங்கே கிடைக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. மேகமூட்டமான நாட்களிலும், அணையிலிருந்து குளிர்ந்த நீர் திடீரென்று வரும்போதும் அலை வடிவம் கெட்டுவிடும். அந்த நாட்களின் விடையை ஒதுக்கிவிடலாம். வெள்ளத்துக்குப் பிறகு மணல் எவ்வளவு அரித்தது, சேர்ந்தது என்று பார்க்காமல் விட்டால், மேல் லாகர் படுகைக்குள் இருக்கிறதா தண்ணீரில் இருக்கிறதா என்றே தெரியாது. பதிவின் இரு முனைகளிலும் பல நாட்களை வெட்டிவிட வேண்டும், ஏனென்றால் அலையைப் பிரித்தெடுக்கும் கணக்கு ஓரங்களில் பிசகும்.

முடிந்தால் ஒரு இடத்திலாவது வேறொரு முறையோடு ஒப்பிடுங்கள். பாதியாக வெட்டிய பீப்பாயைப் படுகையில் கவிழ்த்து, அதில் ஒரு பையைக் கட்டி, சேரும் அல்லது குறையும் நீரை அளக்கும் பழைய கசிவுமானியே போதும்.

கணக்குப் போட மென்பொருள் உண்டா?

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 1டிடெம்ப்புரோ என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. விஃப்ளக்ஸ் என்பது மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஓடும் நிரல், நீண்ட பதிவுகளுக்கு வசதி. ஆனால் மென்பொருளுக்குள் போடும் முன் பதிவை வரைபடமாகப் போட்டுக் கண்ணால் பாருங்கள். கீழ் ஆழத்தின் கோடு மேலுள்ளதைவிடச் சிறியதாகவும் தாமதமாகவும் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் லாகர்கள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது குழாய்க்குள் தண்ணீர் சுழல்கிறது.

கல்லூரி மாணவர் ஒருவர் முதல்முறையாக எங்கே தொடங்கலாம்?

பக்கத்தில் தண்ணீர் ஓடும் மணல் வாய்க்கால் போதும். நான்கு லாகர், ஒரு கம்பு, இரண்டு வாரம். வெயில் நன்றாக விழும், ஆழம் குறைந்த, ஆட்கள் அதிகம் இறங்காத இடமாகப் பாருங்கள். முதல் வாரத்தின் பதிவில் ஏற்ற இறக்க விகிதத்தைக் கையாலேயே கணக்கிட்டு, மேலே தந்த எடுத்துக்காட்டு எண்களோடு வைத்துப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் விகிதம் மூன்றில் ஒன்றைவிடக் கூடுதலாக இருந்தால் அநேகமாக வாய்க்கால் நீரை இழக்கிறது, தெளிவாகக் குறைந்திருந்தால் ஊறி வருகிறது. மூன்றில் ஒன்றை ஒட்டியே நின்றால் ஓட்டம் மிக மெதுவாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டு, கம்பை இன்னொரு இடத்துக்கு மாற்றுங்கள்.